‘டிதர்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் ‘டிதர்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. ஒரு காரியத்தைச் செய்வதா, விடுவதா என்று துணிய வேண்டிய வேளையில் துணியாமல், மனம் அங்குமிங்கும் அலைய நிற்கும் நிலையை அது குறிக்கும். வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘தயங்குதல்’, ‘தடுமாறுதல்’ என்று நாம் பொருள் சொல்லிவிடலாம். பொருள் பிழையன்று, ஆயினும் அச்சொல்லின் சுவை அதில் இறங்கவில்லை. ஒருவர் தயங்குகிறார் என்றால் கேட்பவர் உள்ளத்தில் இரக்கம் பிறக்கவும் இடமுண்டு. ‘டிதர்’ செய்கிறார் என்று ஆங்கிலேயர் சொன்னால் அதில் எள்ளலும் எரிச்சலுமே மிஞ்சும். ஆகவேதான் தம்மைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் இச்சொல்லைத் தொடுவதில்லை. தாம் செய்தால் அது யோசனை. அதையே அடுத்தவர் செய்தால் ‘டிதர்’!

இத்தனை சிறிய சொல்லுக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். போர் தொடுப்பதா, படை அனுப்புவதா என்னும் கேள்விகள் எழுந்த நேரங்களில் இச்சொல் நாட்டுத் தலைவர்கள்மீது கல்லாக வீசப்பட்டிருக்கிறது. அந்தக் கல் எங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது என்று பார்ப்பது வீண் வேலையாகாது.

இங்கிலாந்தின் வடபகுதி மக்களின் பேச்சுவழக்கே இதன் பிறப்பிடம். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘டிடர்’ என்னும் அடியிலிருந்து ஒரு வினை அங்கு வழங்கியது. குளிராலோ அச்சத்தாலோ உடல் நடுங்குவதை அது குறித்தது. 17-ஆம் நூற்றாண்டின் இடையில் அதுவே ‘டிதர்’ என்று ஒலி மாறிற்று. அப்போதும் பொருள் நடுக்கம்தான். மனத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பதற்றம், படபடப்பு என்னும் பொருள் சேர்ந்தது. முடிவெடுக்க இயலாமை என்னும் பொருள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது. ஆக, உடலில் பிறந்த சொல் மனத்தில் குடியேற ஐந்து நூற்றாண்டுகள் ஆயின. கடல் கடந்து அமெரிக்கா சென்றவர்களிடம் பழைய பொருளின் சாயல் இன்னும் மிகுதியாக இருக்கிறது. ஒருவர் ‘டிதர்’ நிலையில் இருக்கிறார் என்றால் அவர் படபடத்துப் போயிருக்கிறார் என்றே அமெரிக்கர் பெரிதும் கொள்வர்; முடிவெடுக்காமல் காலம் கடத்துகிறார் என்று பிரிட்டானியர் கொள்வர்.

இதன் உறவினர்கள் சிலரையும் கண்டுகொள்ளுதல் நலம். ‘ஷில்லி-ஷாலி’ என்று ஒரு சொல் உண்டு. கேட்கும்போது குழந்தைப் பாட்டுப்போல ஒலிக்கும். அதன் தோற்றம் சுவையானது. ‘ஷல் ஐ?’ என்றால் ‘நான் செய்யட்டுமா?’ என்று பொருள். ‘செய்யட்டுமா, செய்யட்டுமா’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு நிற்பவனை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஷல் ஐ, ஷல் ஐ என்று நிற்கிறான்’ என்றார்கள். 1700-ஆம் ஆண்டில் அரங்கேறிய வில்லியம் காங்கிரீவின் நாடகம் ஒன்றில், நாட்டுப்புறத்திலிருந்து வந்த கனவான் ஒருவர் தாம் அப்படிப்பட்டவர் அல்லர் என்று மார்தட்டுகிறார். அங்கே அத்தொடர் ‘ஷில் ஐ, ஷல் ஐ’ என்று உயிரெழுத்து மாறி வருகிறது. மூன்றே ஆண்டுகளில் அது ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. முழு வாக்கியம் ஒன்று இரட்டைச் சொல்லாகச் சுருங்கிய கதை இது. நம் இரட்டைக்கிளவிகளைப்போல அதன் பாதியைத் தனியே பிரித்தால் இன்று பொருள் கிடைக்காது.

அரபு இலக்கணம் பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வராமல் இராது. நான்கு எழுத்து மூல வினைகளில் ஈரெழுத்து இரட்டித்து அமையும் ஒரு வகை உண்டு. பூமி அதிர்வதைக் குறிக்கும் ‘ஸல்ஸலா’, உள்ளத்தில் கிசுகிசுப்பதைக் குறிக்கும் ‘வஸ்வஸா’ போன்றவை அவ்வகையைச் சார்ந்தன. திரும்பத் திரும்ப நிகழும் அசைவை ஒலியாலேயே காட்டுவது அவற்றின் இயல்பு. தொங்கும் பொருள் காற்றில் இங்குமங்கும் ஆடுவதைச் சொல்லும் ‘தப்தபா’வும் அவ்வினமே. ஈமானுக்கும் குஃப்ருக்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த நயவஞ்சகரைப் பற்றித் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 143-ஆம் வசனம் பேசும்போது ‘முதப்தபீன்’ என்னும் சொல்லை ஆள்கிறது. இரட்டித்த ஒலியிலேயே ஊசலாட்டம் கேட்கிறது. ஆங்கில நாட்டுப்புறத்தாரும் அரபு மொழியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டிருக்கின்றனர்.

தயக்கத்துக்கு அரபியில் பெருவழக்காக உள்ள சொல் ‘தரத்துத்’. இதன் வேர் திருப்புதலைக் குறிக்கும் ‘ரத்’. போவதும் திரும்புவதுமாக இருத்தல் என்னும் பொருளிலிருந்து மனத்தின் போக்குவரத்துக்கு இச்சொல் வந்தது. நம் அலுவலகங்களில் உத்தரவு ‘ரத்து’ செய்யப்பட்டது என்று சொல்கிறோமே, அந்த ரத்தும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்திலுள்ள ஏனைய சொற்களையும் விரைவாகப் பார்த்துவிடுவோம். ‘வாசிலேட்’ என்பது லத்தீன் மொழியில் தள்ளாடுதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ‘ஹெசிடேட்’ என்பது ஒட்டிக்கொள்ளுதல், சிக்கிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரினது. நா ஒட்டிக்கொண்டு பேச்சு வராமல் நிற்பதையும் அது குறித்தது. ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’ என்பதற்குள் இரண்டு என்னும் எண் ஒளிந்திருக்கிறது. ஜெர்மானியரின் ‘ட்ஸ்வைஃபல்’ என்பதற்குள்ளும் அதே எண் உண்டு. நாமும் ‘இருமனம்’ என்கிறோம். நடுங்குதல், ஆடுதல், ஒட்டிக்கொள்ளுதல், இரண்டாய்ப் பிளத்தல் ஆகிய நான்கு உடல் நிகழ்ச்சிகளைக் கொண்டே மனிதர் இந்த மனநிலைக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இவற்றில் நடுங்குபவன்தான் கோழையாகத் தோன்றுகிறான். அதனால்தானோ என்னவோ, எதிரியை இகழ வேண்டும் என்று வரும்போது ஆங்கில அரசியல்வாதிகளின் கை ‘டிதர்’ என்பதையே தேடிப் போகிறது.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டில் பராக் ஒபாமா அமெரிக்கக் குடியரசுத் தலைவரானபோது ஆப்கானிஸ்தான் போர் எட்டாம் ஆண்டை எட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த படைத்தலைவர் ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல் ஏறத்தாழ 40,000 வீரர்களைக் கூடுதலாகக் கேட்டார். ஒபாமா உடனே தலையசைக்கவில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமைச்சர்களுடனும் தளபதிகளுடனும் திரும்பத் திரும்பக் கூடி ஆலோசித்தார். அக்டோபர் 21-ஆம் நாள் வாஷிங்டனில் பேசிய முன்னாள் துணைத்தலைவர் டிக் செனி, வீரர்கள் ஆபத்தில் இருக்கும்போது வெள்ளை மாளிகை ‘டிதர்’ செய்வதை நிறுத்த வேண்டும் என்று சாடினார். மறுநாள் பத்திரிகைத் தலைப்புகளில் அச்சொல் இடம் பிடித்தது.

சாடியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2003 மார்ச்சில் ஈராக்மீது படையெடுப்பு நடந்தபோது துணைத்தலைவராக இருந்து அதனை முன்னின்று ஆதரித்தவர் அவர். பேரழிவு ஆயுதங்கள் அங்கே குவிந்திருக்கின்றன என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக்குழுவே 2004-இல் அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் அங்கு இல்லை என்று அறிக்கை தந்தது. பிரிட்டனில் சர் ஜான் சில்காட் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2016 ஜூலையில் தன் முடிவை வெளியிட்டது. அமைதி வழிகள் முற்றும் தீர்ந்துபோவதற்கு முன்னரே போரில் இறங்கிவிட்டார்கள் என்று அது கூறிற்று. அந்த 2003-ஆம் ஆண்டில் எவரேனும் ‘டிதர்’ செய்திருந்தால் பாக்தாதிலும் பஸ்ராவிலும் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்!

ஆனால் ஒபாமாவின் மூன்று மாத யோசனை நற்கனி தந்தது என்று நாம் எழுதிவிட முடியாது. 2009 டிசம்பர் 1-ஆம் நாள் அவர் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். போர் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்தது. 2021 ஆகஸ்டு 15-இல் தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தனர். அம்மாத இறுதியில் கடைசி அமெரிக்க வீரரும் வெளியேறினார். நிதானமாக எடை போட்டவரும் தவறான தட்டில் கை வைக்கலாம். நாம் வழக்காடுவது முடிவின் நன்மை தீமை பற்றியன்று. எடை போடுவதையே நடுக்கம் என்று பெயரிட்டு அழைப்பது சரியா என்பதே.

இப்பழிச்சொல்லைப் பழங்காலத்தில் சுமந்தவர்களில் புகழ்பெற்றவர் ரோமானியத் தளபதி ஃபேபியஸ். கி.மு. 217-இல் டிராசிமீன் ஏரிக்கரையில் ஹன்னிபால் ரோமப் படையை அழித்தபின் ரோமர் ஃபேபியஸிடம் சர்வாதிகாரம் வழங்கினர். அவரோ நேருக்கு நேர் போரிடவில்லை. குன்றுகளின்மீதே தங்கி, எதிரியின் பின்னாலேயே சென்று, அவன் உணவு தேடி அனுப்பும் சிறு கூட்டங்களை மட்டும் தாக்கினார். ரோமர்கள் பொறுமையிழந்து அவரை ஹன்னிபாலின் ‘பெடகோகஸ்’ என்று கேலி செய்ததாகப் புளூடார்க் எழுதுகிறார். செல்வர் வீட்டுப் பிள்ளையின் பின்னால் புத்தகம் சுமந்து பள்ளிக்குச் செல்லும் அடிமைக்கு அக்காலத்தில் அதுதான் பெயர். பிற்காலத்தில் அதே சொல் ஆசிரியத் தொழிலுக்குப் பெயராயிற்று என்பதை அத்தொழிலில் உள்ளவன் என்ற முறையில் சிறு புன்னகையோடு இங்கே குறித்து வைக்கிறேன்.

ஃபேபியஸின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஆண்டு, கி.மு. 216-இல், தாமதத்தை வெறுத்த ரோமர்கள் கன்னே என்னுமிடத்தில் முழுப் படையையும் இறக்கினர். ஒரே நாளில் மாண்டவர்கள் லிவியின் கணக்குப்படி 48,000-க்கு மேல். பொலிபியஸின் கணக்குப்படி ஏறத்தாழ 70,000. அதன்பிறகு ரோமர்கள் ஃபேபியஸின் வழிக்கே திரும்பினர். ‘தாமதிப்பவர்’ என்னும் பொருளில் வழங்கிய ‘கன்க்டேட்டர்’ என்ற பெயர் இழிவிலிருந்து விருதாக மாறியது. 1884-இல் லண்டனில் தோன்றிய ஃபேபியன் சங்கத்தார் சமுதாய மாற்றம் படிப்படியாகவே வரவேண்டும் என்று கருதினார்கள். அதனால் தம் சங்கத்துக்கு அவர் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். அறிஞர் பெர்னார்டு ஷா அதன் புகழ்மிக்க உறுப்பினர்களில் ஒருவர்.

மறுபக்கமும் உண்டு. 1936 நவம்பரில் பிரிட்டிஷ் மக்கள் சபையில் எழுந்த வின்ஸ்டன் சர்ச்சில், பால்டுவின் அரசாங்கத்தின் துணிவின்மையை அடுக்கடுக்கான முரண்தொடர்களால் கிழித்தெறிந்தார். அவ்வாண்டு மார்ச்சிலேயே ஹிட்லர் ரைன்லாந்தில் படையிறக்கியிருந்தார். படைபெருக்கத் தயங்கிய ஒவ்வொரு மாதமும் எதிரிக்குச் சாதகமாயிற்று என்ற சர்ச்சிலின் கூற்றைப் பின்னர் வந்த உலகப்போர் பெரிதும் மெய்ப்பித்தது. அண்மைக் காலத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றி 2019-இல் போரிஸ் ஜான்சன் பேசும்போதெல்லாம் ‘டிதரும் தாமதமும்’ போதும் போதும் என்று முழங்கினார். மறு ஆண்டு கொரோனா நோய் பரவியபோது அவருடைய அரசே ஊரடங்கை மார்ச் 23-ஆம் நாள்வரை தள்ளிப்போட்டது. அந்தத் தாமதம் பெருந்தவறு என்று 2021 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுக்களே அறிக்கை வெளியிட்டன. ஃபேபியஸின் தாமதம் உயிர் காத்தது. ஜான்சனின் தாமதம் உயிர் குடித்தது. ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லால் திட்ட இடம் தருகிறது.

இங்கேதான் நம் மதரஸாக்களில் பாடமாக ஓதப்படும் உஸூல் நூல்கள் கைகொடுக்கின்றன. இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களின் ‘வரகாத்’ போன்ற தொடக்க நூல்களிலும் அவற்றின் விரிவுரைகளிலும் மனத்தின் நிலைகள் தராசு முள்ளைப்போலப் பிரித்துக் காட்டப்படுகின்றன. ஐயத்துக்கு இடமில்லாதது ‘யகீன்’. இரு பக்கங்களில் ஒன்று கனத்துச் சாய்ந்தால் கனத்த பக்கம் ‘ளன்னு’. இலேசான பக்கம் ‘வஹ்மு’. இரண்டும் சமமாக நின்றால் மட்டுமே அது ‘ஷக்கு’. இவற்றுக்கு அப்பால் ‘தவக்குஃப்’ என்று ஒன்றுண்டு. சான்றுகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கையில், தீர்ப்புக் கூறாமல் அறிஞர் நின்றுவிடுவது அது. அது ஊசலாடுதல் அன்று. அறிந்தே கால் ஊன்றி நிற்றல். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்கு ‘லா அத்ரீ’, அதாவது ‘நான் அறியேன்’ என்று மறுமொழி பகர்ந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அவரைத் தடுமாறியவர் என்று எந்த மாணவரும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒளு முறிந்ததோ முறியவில்லையோ என்று தொட்டியருகே மீண்டும் மீண்டும் குந்தும் மனிதரை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனை ‘வஸ்வாஸ்’ என்கிறோம். உறுதியாக இருந்ததை வெறும் ஐயம் நீக்கிவிடாது என்னும் சட்ட விதி அவரை எழுப்பித் தொழுகைக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே தவக்குஃபும் வஸ்வாஸும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் நம் நூல்களில் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவே இல்லை என்று சொல்வதும் நியாயமன்று. ‘டெலிபரேட்’ என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. தராசைக் குறிக்கும் லத்தீன் வேரினது அது என்பர் சொல்லாய்வாளர். சொல் இருந்தும் சண்டைக்காலத்தில் அதை எடுப்பார் இல்லை.

இரண்டும் சரிசமமாக நின்றால் மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வி ஐரோப்பாவில் ஒரு கழுதையின் கதையாக வழங்குகிறது. ஒரே அளவுள்ள இரு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் நின்று, எதைத் தின்பது என்று துணியாமல் பட்டினியால் செத்த கழுதை அது. 14-ஆம் நூற்றாண்டின் பாரிஸ் பேராசிரியர் புரிடான் பெயரில் அதைச் சொல்வார்கள்; அவருடைய நூல்களிலோ அக்கழுதை கிடையாது. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் கழுதைக்குப் பதில் மனிதனையும், வைக்கோலுக்குப் பதில் இரு பேரீச்சம் பழங்களையும் வைத்துப் பேசியிருக்கிறார்கள். எவ்வகையிலும் வேறுபாடில்லாத இரு பழங்கள். உண்ண ஆவலுள்ள ஒருவன். இரண்டையும் எடுக்க இயலாது. அவன் ஒன்றை எடுத்தே விடுவான். ஏனெனில் ஒத்தவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதே நாட்டம் என்னும் ஆற்றலின் இயல்பு என்பது இமாமவர்களின் வாதம். பின்னர் வந்த இப்னு ருஷ்து இதற்கு மறுப்பெழுதினார். அம்மனிதன் இந்தப் பழமா அந்தப் பழமா என்று தேர்வதில்லை, உண்பதா உண்ணாமலிருப்பதா என்பதையே தேர்கிறான் என்றார் அவர். இறைவனின் நாட்டம் பற்றிய பெரு வழக்கில் யார் வென்றார் என்பது வேறு செய்தி. நம் பொருளுக்கு இப்னு ருஷ்தின் குறிப்பு மிகவும் பயன்படும். தாமதிப்பவன் இரு வழிகளுக்கு நடுவில் நிற்பதாகத்தான் எண்ணுகிறான். உண்மையில் ‘உண்ணாமை’ என்னும் மூன்றாவதை ஒவ்வொரு நொடியும் தேர்ந்துகொண்டிருக்கிறான். ஃபேபியஸுக்கு அந்த மூன்றாவது வழி நன்மையாக வாய்த்தது. ஏனெனில் காலம் செல்லச் செல்லப் பசித்தது ஹன்னிபாலுக்கு.

‘டிதர்’ என்ற சொல்லுக்குக் கடைசியாக ஒரு வாழ்வு கிடைத்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பொறியியலாளர்கள் தந்த வாழ்வு. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் வழிகணிக்கவும் குறிபார்க்கவும் பல்சக்கரங்களால் ஆன கணிப்புக் கருவிகள் இருந்தன. அவை தரையில் இருக்கும்போதைவிட வானில் பறக்கும்போது துல்லியமாக வேலை செய்தனவாம். விமானத்தின் அதிர்வு, உராய்வால் ஒட்டிக்கொண்டு நின்ற சக்கரங்களை விடுவித்து, அவை துள்ளித் துள்ளிச் சுழலாமல் சீராகச் சுழலச் செய்தது. அதைக் கண்டு சிறு அதிர்வு மோட்டார்களையே கருவிக்குள் பொருத்தினார்கள் என்றும், அந்த அதிர்வை ‘டிதர்’ என்றழைத்தார்கள் என்றும் அத்துறைப் பாடநூல்கள் கூறுகின்றன. ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் ‘ஹெசிடேட்’ என்ற சொல்லின் வேரில் முன்னர்க் கண்டோம். ஒரு தயக்கச் சொல்லின் நோய்க்கு இன்னொரு தயக்கச் சொல் மருந்தாயிற்று!

1962-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இதையே படங்களில் செய்து காட்டினார். ஒரு படத்தின் எண்ணற்ற சாம்பல் நிறச் சாயல்களைச் சில படிகளாகக் குறைத்து அனுப்பினால், வானமும் முகமும் பட்டை பட்டையாகத் தெரியும். குறைப்பதற்கு முன் ஒழுங்கற்ற சிறு நடுக்கம் ஒன்றைக் கலந்துவிட்டால் பட்டைகள் மறைந்து, கண் அதை இயல்பான படமாகவே காண்கிறது. ஒலிப்பதிவுக் கணினிகளிலும் இம்முறை இன்று பயன்படுகிறது.

அரபு நாடுகளின் அறிவியல் நூல்களிலும் இதே உறவைக் காணலாம். அங்கே அதிர்வுக்கு வழங்கும் சொல் ‘தப்தபா’. வானொலி நிலையம் ஒன்று எந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறது என்று கூறுமிடத்தில் அவர்கள் ஆளும் சொல் ‘தரத்துத்’.